தொளியில் உழுத டிராக்டரும் அதன் எண்ணெயும்

உழவு டிராக்டரில் எண்ணெய்க்கு மூன்று வேலைகள் உண்டு. எஞ்சினுக்குள் உராய்வைக் குறைப்பது ஒன்று. கியர் பெட்டியிலும் பின்னச்சிலும் பற்கள் தேயாமல் காப்பது இன்னொன்று. மூன்றாவது, ஹைட்ராலிக் லிப்டிலும் பவர் ஸ்டீரிங்கிலும் பளுவைத் தூக்குவதும் திருப்புவதும். முதல் இரண்டில் எண்ணெய் கெட்டால் உறுப்புகள் மெல்லத் தேயும். அது வெளியே தெரிய மாதங்கள் ஆகும். மூன்றாவதில் கெட்டால் அன்றைய வேலையே நின்றுபோகும். கலப்பை எழாது, முன்சக்கரம் திரும்பாது. மாடும் மரமடியும் இருந்த நாஞ்சில் நாட்டு வயல்களில் டிராக்டர் இறங்கிய தலைமுறையில், இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு. வயலுக்கு நடுவே வண்டி நின்றபோது, சுற்றிலும் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டவர்களே அதிகம். அப்படித் தெரிந்துகொண்டவற்றில் முதன்மையானது, இந்த மண்ணில் ஹைட்ராலிக் எண்ணெய்க்குப் பெரிய எதிரி தண்ணீர் என்பதே.

அதற்குக் காரணம் ஊரின் அமைப்பு. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையும், கோதையாற்றுப் பாசனமும், பழையாறும் அதன் வாய்க்கால்களும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வயல்களுக்கு நீர் தருகின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே பெய்கின்றன. அதனால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு நெல் பூ, அதாவது இரண்டு போகம். கன்னிப்பூவில் சில ஆண்டுகள் பொடிவிதை போடுவார்கள். அப்போது டிராக்டர் காய்ந்த மண்ணில் உழும். நடவு என்றால் தொளி அடிக்க வேண்டும். ரப்பர் டயரோடு இரும்புக் கேஜ் வீலைப் பூட்டி, நீர் கட்டிய வயலில் இறக்கி, மண் குழம்பாகும் வரை ஓட்ட வேண்டும். பின்சக்கரத்தின் பாதி சேற்றுக்குள் போகும். பின்னச்சின் ஆயில் சீலும், கருவிகளைச் சுழற்றும் பிடிஓ தண்டின் சீலும், பிரேக் டிரம்மும் நாள் முழுவதும் சேற்று நீரில் முங்கிக் கிடக்கும். காய்ந்த புஞ்சையை மனத்தில் வைத்து எழுதிய பராமரிப்புக் கணக்கு இந்த வண்டிக்குப் போதாது.

இந்த வயல்களில் பலரும் அறிந்த பழைய வண்டி மாஸி பெர்குசன் 1035. சென்னையில் 1960-இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் தயாரிப்பு. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சின். அதன் லிப்டின் வேர் வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசனிடம் இருக்கிறது. கலப்பையைச் சங்கிலியால் இழுத்துச் செல்லும் டிராக்டர், கலப்பை கல்லில் மாட்டினால் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழும் ஆபத்து அன்று இருந்தது. கீழே இரண்டு கைகள், மேலே ஒரு டாப் லிங்க் என மூன்று புள்ளிகளில் கலப்பையைப் பிணைத்து, அதைத் தூக்கவும் தாழ்த்தவும் எண்ணெய் அழுத்தத்தைப் பயன்படுத்தியது பெர்குசனின் வழி. 1938-இல் ஹென்றி ஃபோர்டுடன் கைகுலுக்கிச் செய்த வாய்மொழி ஒப்பந்தத்தின் பேரில், 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டர் அந்த அமைப்போடு வெளிவந்தது. 1953-இல் பெர்குசனின் நிறுவனம் மாஸி-ஹாரிஸோடு இணைந்தது. அந்த வழியில் வந்த லிப்ட்தான் பூதப்பாண்டியிலும் தேரூரிலும் சுசீந்திரத்திலும் உழுத வண்டிகளில் இருந்தது.

இந்த லிப்டின் பம்ப் வெளியே தெரியாது. கியர் பெட்டிக்குப் பின்னால், டிரான்ஸ்மிஷன் எண்ணெய்க்குள்ளேயே முழுகிக் கிடக்கும். பிடிஓ தண்டு சுழலும்போது அதன் நான்கு பிஸ்டன்கள் முன்னும் பின்னும் ஓடி எண்ணெயை உறிஞ்சி, மேலே உள்ள சிலிண்டருக்குத் தள்ளும். சிலிண்டரின் பிஸ்டன் குறுக்குத் தண்டைத் திருப்ப, தூக்கு கைகள் எழும். பழைய 1035-இல் பிடிஓ லீவரைப் போட்டால்தான் லிப்ட் எழும் என்பது இதனால்தான். புதிதாக வந்த ஓட்டுநர் "லிப்ட் எடுக்க மாட்டேங்கு" என்று சொன்னால், பழகியவர் முதலில் அந்த லீவரைத்தான் பார்ப்பார். அடுத்து அளவுக் கம்பியை உருவி எண்ணெய் மட்டத்தைப் பார்ப்பார். வண்டி மேட்டில் சாய்ந்து நிற்கும்போது பார்க்கும் அளவு பொய் சொல்லும். சமதளத்தில், கைகளைக் கீழே இறக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்திச் சற்று நேரம் கழித்துப் பார்ப்பதே சரியான அளவு. அதன் பிறகே பம்பின் உறிஞ்சு வாயில் உள்ள வலைச் சல்லடையின் மேல் சந்தேகம் போக வேண்டும்.

லிப்டுக்கு இரண்டு லீவர்கள் இருக்கும். ஒன்று, கைகள் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்வது. மற்றது, கலப்பை எவ்வளவு இழுவையை மண்ணில் சந்திக்க வேண்டும் என்று சொல்வது. பொடி உழவில் கொழுக்கலப்பைக்கு இழுவை லீவர் உதவும். மண் இறுகிய இடத்தில் கலப்பை தானாகச் சற்று எழுந்து, இளகிய இடத்தில் இறங்கும். தொளியில் ரோட்டவேட்டர் போட்டால் உயர லீவரை மட்டுமே பயன்படுத்த வேண்டும். தொளியில் இழுவை லீவரைப் போட்டு ஓட்டினால் லிப்ட் ஓயாமல் ஏறி இறங்கும், எண்ணெய் சூடாகும், வால்வு வீணாகத் தேயும். லிப்ட் குதிக்கிறது என்று பட்டறைக்கு வந்த வண்டிகளில், எந்த உறுப்பும் கெடாமல் லீவர் மட்டும் தவறிய இடத்தில் இருந்தவை உண்டு.

தூக்கிய கலப்பை எஞ்சினை நிறுத்தியதும் சரசரவென்று இறங்கினால், உள்ளே எங்கோ எண்ணெய் கசிகிறது. சிலிண்டர் பிஸ்டனின் வளையம், ஓ-ரிங், வால்வு ஆகிய மூன்றில் ஒன்று தேய்ந்திருக்கும். மெல்ல இறங்குவது பழைய வண்டிக்கு இயல்பு. சில நொடிகளில் தரைதொட்டால் மேல்மூடியைத் திறந்து பார்க்கும் காலம் வந்துவிட்டது. வெறும் கையாக எழுந்து, ரோட்டவேட்டர் மாட்டினால் எழாத லிப்டுக்குப் பம்ப் தேய்வோ, பாதுகாப்பு வால்வின் சுருள்வில் தளர்ந்ததோ காரணமாக இருக்கும்.

ஸ்டீரிங் வேறு கதை. பழைய வண்டிகள் பெரும்பாலும் கைவலுவால் திருப்பும் கியர் ஸ்டீரிங்கோடு வந்தவை. சேற்றில் முன்சக்கரம் அமுங்கிவிட்டால் ஸ்டீரிங் வட்டை ஒடிக்க இரண்டு கைகளும் தோளும் வேண்டும். திருப்பத்துக்கு இடது, வலது பிரேக் மிதிகளைத் தனித்தனியே மிதித்துச் சமாளிப்பார்கள். முன்சக்கரம் கல்லிலோ வரப்பிலோ மோதினால் வட்டு திடீரென்று எதிர்ப்பக்கம் சுழன்று கட்டைவிரலை முறிக்கும். அதனால் பழைய ஓட்டுநர்கள் கட்டைவிரலை வட்டின் உட்பக்கம் கொடுக்காமல் மேலே வைத்துப் பிடிப்பார்கள். நாஞ்சில் நாட்டு வயல்கள் சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு கோட்டை விதைப்பாடு நிலத்தை உழுது முடிப்பதற்குள் எத்தனையோ முறை திரும்ப வேண்டும். பவர் ஸ்டீரிங் வந்தபோது ஓட்டுநர்கள் அதை ஆடம்பரமாகப் பார்க்கவில்லை. மாலையில் தோள்வலி இல்லாமல் வீட்டுக்குப் போகலாம் என்பதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. பழைய வண்டிக்கே பம்ப், எண்ணெய்த் தொட்டி, ஸ்டீரிங் யூனிட், சிலிண்டர் வாங்கிப் பூட்டிக்கொண்டவர்களும் உண்டு.

முழு ஹைட்ராலிக் ஸ்டீரிங்கில் வட்டுக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தொடர்பு கிடையாது. எஞ்சின் சுழற்றும் பற்சக்கரப் பம்ப் தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்து, வட்டின் அடியில் உள்ள யூனிட்டுக்கு அனுப்பும். யூனிட்டுக்குள் ஒரு சுழல் வால்வும், ஒன்றுக்குள் ஒன்று உருளும் இரண்டு பல்வளையங்களும் இருக்கும். உள்வளையத்தைவிட வெளிவளையத்துக்கு ஒரு பல் அதிகம். வட்டை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவு எண்ணெயை மட்டும் அந்த வளையங்கள் அளந்து, சிலிண்டரின் ஒரு பக்கத்துக்குத் தள்ளும். மறுபக்கத்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். அமெரிக்காவின் மினசோட்டாவில் லின் சார்ல்சன் உருவாக்கிய ஆர்பிட் மோட்டாரின் தத்துவம் இது. எண்ணெய் அழுத்தம் 80 பார், சிலிண்டர் பிஸ்டனின் பரப்பு 15 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் தள்ளுவிசை சுமார் 1,200 கிலோ எடைக்குச் சமம். விரல் நுனியால் வட்டைத் திருப்ப முடிவது இதனால்தான். எஞ்சின் நின்றுபோனாலும் பல்வளையங்கள் கைப்பம்பாக வேலை செய்யும். வட்டு கடினமாகும், ஆனால் வண்டி கைவிட்டுப் போகாது.

ஸ்டீரிங் கனத்தால் காரணத்தைத் தேடும் வரிசை ஒன்று உண்டு. அந்த வரிசையைத் தாண்டி முதலிலேயே யூனிட்டைக் கழற்றுபவர்களே வீண்செலவு செய்கிறார்கள். முதலில் முன் டயரின் காற்று. குறைந்த காற்று எந்த ஸ்டீரிங்கையும் கனக்கச் செய்யும். இரண்டாவது, கிங் பின்னும் பால் ஜாயிண்டும்; கிரீஸ் இல்லாமல் துருப்பிடித்து இறுகியிருந்தால் எண்ணெய் என்ன செய்யும்? முன்னச்சை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். மூன்றாவது, தொட்டியின் எண்ணெய் மட்டமும் பில்டரும். நான்காவது, பம்பை ஓட்டும் பகுதியும் உறிஞ்சு குழாயும். ஐந்தாவது, அழுத்தம் காக்கும் ரிலீஃப் வால்வில் குப்பை சிக்கி அது திறந்தே நிற்கிறதா என்பது. இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் பம்பையும் யூனிட்டையும் பார்க்க வேண்டும். சக்கரம் கடைசி எல்லைக்குத் திரும்பி நின்ற பிறகும் வட்டு எளிதாகச் சுற்றிக்கொண்டே இருந்தால், எண்ணெய் உள்ளேயே வழுக்கி ஓடுகிறது. அது சிலிண்டர் சீல் தேய்வாக இருக்கலாம், பல்வளையத் தேய்வாகவும் இருக்கலாம்.

யூனிட்டைக் கழற்றிப் பூட்டுவது எல்லோருக்குமான வேலை இல்லை. உள்வளையமும் அதைச் சுழற்றும் தண்டும் குறித்த நிலையில் பொருந்த வேண்டும். அந்தப் பொருத்தம் தவறிப் பூட்டினால், எஞ்சினைக் கிளப்பிய கணத்தில் வட்டு தானாகச் சுழலத் தொடங்கும். பிடித்திருக்கும் கையை முறுக்கிவிடும். அதனால் யூனிட் திறந்து பூட்டிய வண்டியை முதல்முறை கிளப்பும்போது வட்டிலிருந்து கையை விலக்கி வைப்பது பட்டறைப் பழக்கம்.

இனி தண்ணீர். டிரான்ஸ்மிஷனுக்குள் அது நுழையும் வழிகள் பல. பின்னச்சுச் சீலின் உதட்டில் மணல் படிந்து தண்டில் கோடு விழும். அந்தக் கோட்டின் வழியாகச் சேற்று நீர் ஏறும். பிடிஓ தண்டின் சீல் தாழ்வில் இருப்பதால் தொளியில் முதலில் முங்குவது அதுதான். கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைநீர் நேரே உள்ளே இறங்கும். இவற்றைவிடக் கவனிக்கப்படாத வழி ஒன்று உண்டு. நாள் முழுவதும் உழுத வண்டியின் கூடு சூடாக இருக்கும். அதை அப்படியே வாய்க்காலில் இறக்கிக் கழுவுவது இங்கே வழக்கம். குளிர்ந்த நீர் பட்டதும் கூட்டுக்குள் இருக்கும் காற்று சுருங்கும். காற்று போகவர வைத்த பிரீதர் சேறடைத்துக் கிடந்தால், அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டச் சீல்களின் வழியே தண்ணீர் உறிஞ்சப்படும். பிரீதரை ஒரு கம்பியாலும் கொஞ்சம் டீசலாலும் சுத்தம் செய்வதும், வண்டி ஆறிய பிறகு கழுவுவதும் எந்தச் செலவும் இல்லாத காப்பு.

தண்ணீர் கலந்த எண்ணெய் அளவுக் கம்பியிலேயே தெரியும். "ஆயிலு வெளுத்துப் போச்சு" என்பார்கள். பால் விட்ட சாயாவின் நிறம். ஐயம் இருந்தால் சூடான இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடலாம். தண்ணீர் இருந்தால் சடசடவென்று வெடிக்கும். நல்ல எண்ணெய் சத்தமில்லாமல் புகையும். பூதப்பாண்டிப் பக்கம் ஒரு கொட்டகையில், கும்பப்பூத் தொளி முடிந்து நின்ற 1035 ஒன்றின் எண்ணெயை இறக்கியபோது இந்தப் பாடம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. வண்டியை இரவு முழுவதும் அசையாமல் நிறுத்தியிருந்தார்கள். காலையில் டிரெயின் பிளக்கை முழுவதும் கழற்றாமல் ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்தினார் மெக்கானிக். முதலில் வந்தது எண்ணெயே இல்லை. கலங்கிய தண்ணீர், நூல்போல, ஒரு சிரட்டை அளவுக்கு மேல். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானதால் அடியில் தங்கியிருந்தது. பிறகு வெளுத்த குழம்பு. கடைசியில்தான் எண்ணெயின் சொந்த நிறம். பிளக்கின் காந்த முனையில் இரும்புத் தூள் மீசைபோல ஒட்டியிருந்தது. அதை இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார்: மாவாக இருந்தால் இயல்பான தேய்வு, நறநறத்தால் ஏதோ பல் உடைகிறது. அன்று மாவாகவே இருந்தது.

வெளுத்த எண்ணெயைத் தெளிய வைத்து மீண்டும் ஊற்றுவது சிக்கனம் அல்ல. கரைந்து குழம்பிய தண்ணீர் முழுவதும் பிரியாது. அது பம்பின் பிஸ்டனையும் பேரிங்கையும் துருவேற்றும். எண்ணெயில் கலந்துள்ள காப்பு ரசாயனங்களைச் செயலிழக்கச் செய்யும். முழுவதும் இறக்கி, சல்லடையைக் கழுவி, கெட்ட சீலை மாற்றி, புதிய எண்ணெய் ஊற்றி, சில மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி அளவுக் கம்பியைப் பார்க்க வேண்டும். சீலை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் அடுத்த பூவிலும் அதே வெளுப்பு வரும்.

எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு, வண்டியோடு வந்த கம்பெனிப் புத்தகம் சொல்வதே விடை. கியர், லிப்ட், எண்ணெயில் முழுகிய பிரேக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய் ஓடும் வண்டிகளில், அதற்கென்று தயாரித்த டிராக்டர் டிரான்ஸ்மிஷன் எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். சாதாரண கியர் எண்ணெய் ஊற்றினால் பிரேக் கிறீச்சிடும், பிடிக்காது. பவர் ஸ்டீரிங்குக்குத் தனித் தொட்டி இருந்தால் அதன் எண்ணெய் வேறாக இருக்கலாம். சிலவற்றுக்குச் சிவப்பு நிற ஏடிஎஃப், சிலவற்றுக்கு ஹைட்ராலிக் எண்ணெய். இரண்டையும் கலக்கக் கூடாது. பிரேக் ஃபுளூயிடை எந்த நிலையிலும் இவற்றில் ஊற்றக் கூடாது. அது ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

எண்ணெய் ஊற்றும் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். தொட்டி மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள சேற்றைத் துடைக்க வேண்டும். பட்டறைகளில் துடைக்கக் கிடைப்பது பனியன் வேஸ்ட். அதன் நூல்பிசிறு தொட்டிக்குள் விழுந்தால் நேரே பில்டரில் போய் அடையும். உட்பகுதிகளைத் துடைக்கப் பிசிறில்லாத துணி வேண்டும். பீப்பாயில் வாங்கி வைப்பவர்கள் அதை மழையில் நிமிர்த்தி வைக்கக் கூடாது. மேல்தட்டில் தேங்கிய நீர், இரவில் பீப்பாய் குளிரும்போது மூடியின் மரை வழியாக உள்ளே இழுக்கப்படும். கொட்டகைக்குள் படுக்கையாக, இரண்டு மூடிகளும் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி வைப்பது நல்லது.

ஸ்டீரிங் எண்ணெய் மாற்றினால் காற்றை வெளியேற்ற வேண்டும். முன்னச்சை ஜாக்கியில் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, தொட்டியை நிரப்பி, எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் விட்டு, வட்டை இரு எல்லைகளுக்கும் மெல்லப் பலமுறை திருப்ப வேண்டும். தொட்டியில் நுரை அடங்கி, மட்டம் நிலைக்கும் வரை இடையிடையே ஊற்ற வேண்டும். எல்லையில் வட்டைப் பிடித்தே நிறுத்தக் கூடாது. அப்போது எண்ணெய் முழுவதும் ரிலீஃப் வால்வு வழியாகப் பீறிட்டு விரைவில் சூடேறும். மாற்றிய பிறகும் நுரை தொடர்ந்தால், உறிஞ்சு குழாயின் கிளாம்பு தளர்ந்து காற்றை இழுக்கிறது என்று பொருள். உறிஞ்சு பக்கத்தில் எண்ணெய் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கசிவு தெரியவில்லை என்று அந்தக் குழாயை விட்டுவிடக் கூடாது.

அழுத்தப் பக்கத்துக் குழாயில் ஊசித்துளை விழுந்தால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பீச்சாக வரும். "மக்கா, கைய வச்சுப் பாக்காத, அட்டைய வச்சுப் பாரு" என்று பெரியவர்கள் பையன்களிடம் சொல்வது உயிர் காக்கும் சொல். அந்தப் பீச்சு தோலைத் துளைத்து எண்ணெயைச் சதைக்குள் செலுத்தும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் இராது. ஆனால் அறுவைச் சிகிச்சை தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரும். எந்தக் குழாயைக் கழற்றும் முன்னும் எஞ்சினை நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, வட்டை இருபுறமும் ஆட்டி அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். தூக்கிய ரோட்டவேட்டரின் அடியில் கட்டை கொடுக்காமல் யாரும் குனியக் கூடாது.

ஸ்டீரிங் சிலிண்டரின் மின்னும் தண்டு இன்னொரு மென்மையான இடம். கடல் அருகில் இருப்பதால் உப்புக்காற்று. வயலில் யூரியாவும் சேறும். இவை சேர்ந்து குரோமியப் பூச்சைப் புள்ளிபுள்ளியாக அரிக்கும். அரித்த தண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் சீலைக் கிழிக்கும். வேலை முடிந்ததும் தண்டைக் கழுவித் துடைத்து, நாள்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் வெளியே தெரியும் பகுதிக்குக் கிரீஸ் பூசுவது போதுமானது.

பல கம்பெனிப் புத்தகங்கள் டிரான்ஸ்மிஷன் எண்ணெய்க்கு 1000 மணி நேரம் என்று எழுதியிருக்கும். பழைய வண்டிகளில் மணிமானி ஓடாது. ஓடினாலும் தொளியின் மணி நேரமும் புஞ்சையின் மணி நேரமும் ஒன்றல்ல. நாஞ்சில் நாட்டுக்குப் பொருந்தும் கணக்கு பூக்கணக்குதான். தொளி நாட்களில் தினமும் காலையில் எண்ணெய் மட்டமும் நிறமும் பார்ப்பது, மாலையில் முன்னச்சின் கிரீஸ் நிப்பிள்கள் எல்லாவற்றிலும் பழைய சேறு வெளியே வரும்வரை கிரீஸ் அடிப்பது. கன்னிப்பூத் தொளி முடிந்ததும் பிளக்கைத் தளர்த்தித் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்ப்பது. கும்பப்பூத் தொளி முடிந்ததும் சல்லடை, ஸ்டீரிங் பில்டர், சீல்கள், குழாய்கள் எல்லாவற்றையும் பார்த்து, தேவையானால் எண்ணெயை முழுவதும் மாற்றுவது. அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வண்டி ஓய்ந்திருக்கும் நாட்களே பெரிய வேலைகளுக்கு ஏற்றவை.

இறக்கிய எண்ணெயையும் கணக்கில் எடுத்தால்தான் வேலை முடியும். மரத்துக்குக் கறையான் வராமல் பூசுவதும், வரப்போரம் கொட்டுவதும் பழைய வழக்கம். சட்டப்படி பழைய எண்ணெய் அபாயகரமான கழிவு. வாய்க்காலில் விழுந்த எண்ணெய் படலமாகப் பரவி, அடுத்தவர் வயலையும் தாண்டிப் பழையாறு வழியாக மணக்குடிக் காயல் வரை போகும். மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து, பழைய எண்ணெய் எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுப்பதே முறை. வண்டியின் எண்ணெயில் வயல்நீர் கலக்காமல் காக்கும் அதே கவனம், வயல்நீரில் வண்டியின் எண்ணெய் கலக்காமல் காக்கவும் வேண்டும்.